குண்டுக் காயத்தின் செலவு

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை ஒட்டிய கல்வராயன் மலைக் கிராமங்களில், மரவள்ளியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்கென்றும் வேட்டைக்கென்றும் உரிமமின்றி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி போலீசார் அவ்வப்போது கேட்டுக்கொள்வதும், சில வந்து சேர்வதும், சில பரணிலேயே தங்கிவிடுவதும் இப்பக்கத்தார் அறிந்த விஷயமே. ஆனால் அப்படியொரு துப்பாக்கி கைதவறி வெடித்து ஒருவன் தொடையையோ முழங்கையையோ துளைத்துவிட்டால், அதற்கு ஆகும் செலவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யாரும் நிதானமாக யோசித்ததாகத் தெரியவில்லை.

குழல்வாய் வழியே கருமருந்தையும் கந்தல் துணியையும் ஈய ரவையையும் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கியாதலால், வெடிக்கும்போது ரவையோடு துணியும் மருந்துக் கரியும் சதைக்குள் புகுந்துவிடுகின்றன. இத்தகைய புண்ணை அன்றே தைத்து மூடிவிட முடியாது. திறந்தே வைத்து, மயக்கம் கொடுத்துக் கொடுத்துப் பலமுறை கழுவி, செத்த சதையைக் களைந்து, நொறுங்கிய எலும்பை வெளிப்புறக் கம்பியால் நிறுத்தி, கடைசியில் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தாலோ, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அதை இணைத்தாக வேண்டும். தாமதமானால் காலையே எடுக்க நேரிடலாம்.

இதற்குரிய ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது என்பதை மறைப்பது நியாயமன்று. கள்ளக்குறிச்சியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. குடும்பத்தை முறிக்கும் செலவு, ஆஸ்பத்திரிக்கு வருமுன்பும் அங்கிருந்து திரும்பிய பின்பும் ஆவதுதான்.

துப்பாக்கிக் காயம் என்றால் போலீஸ் கேஸ் என்ற பயத்தால், மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லி நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக் காலம் கடத்துகிறவனுக்குக் காலும் போகிறது, ஜீவனமும் போகிறது. வழக்கு எதுவாயினும் முதலில் உயிரைக் காப்பதே வைத்தியரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1989-லேயே தீர்ப்பளித்திருக்க, அந்தச் செய்தி மலையேறவில்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் துப்பாக்கிக் காயத்துக்கும் விரித்தால், பயந்தவனும் மலையிறங்கி வருவான். குற்றவாளிக்குச் சலுகையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கு பிறகும் நடக்கலாம், கால் பிறகு முளைக்காது.

சுட்டது அரசாங்கமேயானாலும் சிகிச்சைக்குப் பிந்தைய செலவுக் கணக்கு சரியாகப் பார்க்கப்படுவதில்லை. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலத்த காயமடைந்தவர்களுக்கு 5 லட்சமும், லேசான காயத்துக்கு ஒன்றரை லட்சமும் அறிவிக்கப்பட்டன; அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் காயமடைந்தோருக்கு 10 லட்சமாக உயர்த்தும்படி 2022-ல் சிபாரிசு செய்தது. தொகை எதுவாயினும் ஒரே தடவை கொடுத்து முடிக்கப்படுவது. முழங்கால் மடங்காதவனுக்கோ வருஷந்தோறும் செலவு வந்துகொண்டே இருக்கும். வீடு தேடிச் சென்று பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உண்டு. கல்வராயன் மலையில் இப்படி முடங்கியவர்களின் பெயர்களை, காயம் எப்படி வந்தது என்று விசாரியாமல், அதில் முதலில் சேர்க்கட்டும்.