கொலுப் பூங்காவின் பசுமை

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் பொம்மைக் கடைகள் நிரம்பிவிடும். கொலுப் படிகளின் ஓரத்தில் பிள்ளைகள் பூங்கா அமைப்பர். 1997 முதல் திருமயிலைக்கு வந்துசெல்லும் பறக்கும் தொடர்வண்டியைக் கண்டு வளர்ந்த ஊர் அல்லவா? பூங்காவில் பொம்மைத் தொடர்வண்டி ஓடுவதும் உண்டு. இன்று அங்கே நெகிழிப் புல்விரிப்பு இடம்பிடித்து வருகிறது. ஈரமணலில் விதை தூவும் பழைய வழக்கமே மேலானது.

மாதிரி இருப்புப்பாதை அமைக்கும் அயல்நாட்டுக் கலைஞர்கள் சாயமேற்றிய மரத்தூளைத் தூவியும், மெல்லிழைகளை நிலைமின்னால் நிமிர்த்தியும் புல்வெளி படைக்கின்றனர். அவர்கள் முதலில் நோக்குவது அளவுப் பொருத்தத்தையே. அப்பொருத்தம் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே கிடைக்கிறது. கேழ்வரகின் மெல்லிய முளை புல்லாகும். ஈரிலை விரிக்கும் கடுகு புதராகும். வெந்தயம் சற்றே உயர்ந்து சோலையாகும். கண்ணாடித் துண்டு குளமாகும். விளிம்பை மணலால் மறைக்காவிடின் அது கண்ணாடியாகவே கிடக்கும்.

நெகிழி விரிப்பில் தண்ணீர்த் தொல்லை இல்லை என்பர். உண்மைதான். ஆனால், முதல்நாள் இருந்தவாறே அது ஒன்பதாம் நாளும் இருக்கும். முளைகளோ தெளிக்க மறந்தால் வாடும்; சன்னல் வெளிச்சத்தை நோக்கிச் சாயும்; விழா முடிவதற்குள் தண்டவாளத்தையே மறைக்கும். கத்தரிக்கோலோடு அங்கே குனியும் பிள்ளைக்கு, இருப்புப்பாதையோரம் கிளை தறிப்போரின் வேலை விளங்கும்.