எடுத்தனூர் நாய்க்கு ஒரு பக்கம்

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் இந்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டம். ‘நமது மாவட்டம்’ என்று பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரின் கணினியில் கோப்பு தயாராக இருந்தது. பதினோரு நிலை ராஜகோபுரம், 217 அடி. கிரிவலப் பாதை, 14 கிலோமீட்டர். அஷ்டலிங்கங்களின் பெயர்கள். முகப்பில் மாணவர் பெயரை மட்டும் மாற்றி பிரின்ட் போட்டுக்கொண்டே இருந்தார். விக்கிப்பீடியாவின் மேற்கோள் எண்கள்கூடச் சதுர அடைப்புக்குறிக்குள் அப்படியே நின்றன.

சார்ட் பேப்பர் மீதும் தெர்மாகோல் கோபுரங்கள் மீதும் இந்தப் பத்திக்காரருக்கு உள்ள பகை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பட்டியலில் இனி ஸ்பைரல் பைண்டிங்கும் சேர்கிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல ஏதுமில்லை. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ‘தொகு’, ‘வரலாறு’, ‘உரையாடல்’ என்று கதவுகள் திறந்தே கிடக்கின்றன. யார் எதை எப்போது எழுதினார், யார் அழித்தார், ஏன் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கச் சொல்லிப் பள்ளியில் ஆள் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003இல். 2017இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதில் எழுதப் பயிற்சியும் கொடுத்தார்கள். பிறகு எமிஸ் என்ற கல்வித்துறைத் தகவல் தளத்தின் பதிவுகள் ஆசிரியர்களின் கணினி நேரத்தை விழுங்கிவிட்டன. ஆசிரியர்கள் நடத்தும் வலைப்பூக்களுக்குக் குறைவில்லை. அரசாணை, அகவிலைப்படி, மாதிரி வினாத்தாள் மூன்றும் அங்கே தவறாமல் கிடைக்கும். பக்கத்துக் கேரளத்தில் 2009இலேயே ‘ஸ்கூல்விக்கி’ தொடங்கி, பள்ளிக்கு ஒரு பக்கம் கொடுத்து, ஊர் வரலாற்றைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் எழுதும்படி செய்துவிட்டார்கள்.

இந்த இடத்தில், கலைக்களஞ்சியம் தொகுத்த பள்ளி ஆசிரியர் சிங்காரவேலு முதலியாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘மறுபடியும் அபிதான சிந்தாமணியா?’ என்று பக்கத்தைப் புரட்டப்போகிறவர்கள் தாராளமாகப் புரட்டலாம்.

ஆ. சிங்காரவேலு முதலியார் சென்னை பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். வகுப்பு முடிந்த நேரங்களில், புராணத்திலும் இலக்கியத்திலும் வரும் பெயர்களையெல்லாம் அகர வரிசையில் சேர்க்கத் தொடங்கினார். பெயர்களோடு தொடங்கியது ஊர், மரபு, மருத்துவம், செடி, விலங்கு என்று பெருத்துக்கொண்டே போனது. இவ்வளவு பெரிய கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொண்டுவர எளிதில் ஆள் கிடைக்கவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்த பிறகே, 1910இல் ‘அபிதான சிந்தாமணி’ என்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் புத்தகமாக வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ வந்திருந்தது. முதலியார் அச்சானதோடு ஓயவில்லை. சாகும்வரை சேர்த்துக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருந்தார். அவர் இறந்தது 1931இல். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பை 1934இல் பார்த்தவர் அவருடைய மகன்.

குறையில்லாத புத்தகம் என்று யார் சொன்னது? புராணமும் வரலாறும் அதில் ஒரே பாயில் படுத்திருக்கும். இன்றைய விக்கிக்காரர்கள் கையில் கிடைத்தால் பாதிப் பதிவுகளில் ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிடுவார்கள். ஒட்டட்டும். முதலியாருக்கு வாய்க்காதது அதுதான்: எதிர்த்துக் கேட்க ஒரு வகுப்பு.

அந்தப் பெரிய புத்தகத்தில் கோவிவன் இல்லை. இருக்க வழியும் இல்லை. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை படித்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாக்கியது 1972இல்தான். கோவிவன், நமது மாவட்டத்து எடுத்தனூரில் இருந்த ஒரு நாய். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காகச் சண்டையிட்டு மாண்டான். அவனுக்கு எடுத்த நடுகல்லில் பக்கத்தில் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்ததாக அதற்கென்று தனி வாசகம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரர்களின் வாரிசுகள்தான் பக்கத்துக்கு ரூபாய் கொடுத்து ராஜகோபுரத்தின் உயரத்தைப் பிரின்ட் எடுக்கிறார்கள்.

ஒரு வகுப்பு அந்தக் கல்லை எடுத்துக்கொள்ளட்டும். நாகசாமியின் நூலைப் படித்து எழுதுவது விக்கிக்குப் போகும். அச்சில் வந்த சான்று உண்டு. இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எந்தக் கிழமையில் படையல், எந்த வீட்டுக்கு முதல் மரியாதை என்று பாட்டி சொல்வதை விக்கி ஏற்காது. அதை வகுப்பின் வலைப்பூவில், பாட்டியின் அனுமதியோடு, சொன்னபடியே போடலாம். எதை எங்கே எழுதுவது என்று பிரிக்கும்போதே பிள்ளைகளுக்குப் பாதி வரலாற்றுப் பாடம் முடிந்துவிடும்.

பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ‘எங்கள் ஊர்க் கல்தான் பழசு’ என்று வந்து திருத்துவான். உரையாடல் பக்கத்தில் சண்டை மூளும். சான்று எங்கே என்று இவர்கள் கேட்பார்கள், அவன் நூலகத்துக்கு ஓடுவான். அந்தச் சண்டைக்கு மதிப்பெண் போட இப்போதைய மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஸ்பைரல் பைண்டிங்குக்குத்தான் ‘நேர்த்தி’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே!