அலமாரிச் சங்கும் வலி நீக்கும் மருந்தும்

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே போனால் கடல். அந்தப் பக்கம் சுற்றுலா சென்று திரும்பும்போது அழகான சங்கு ஒன்றை வாங்கி வந்து கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறீர்களா? அது கூம்பு வடிவில், புள்ளிகளும் கோடுகளுமாக இருக்கிறதா? அப்படியானால் அது ஒரு மருந்துச் சாலையின் வெற்றுக் கூடு!

கூம்பு நத்தை மெல்ல ஊர்வது. வேகமாக நீந்தும் மீனை அது எப்படிப் பிடிக்கிறது? ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைப் பாய்ச்சுகிறது. மீன் அசைவற்றுப் போகிறது. அந்த நஞ்சு பல பெப்டைடுகளின் கலவை. அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சிறு மாலையே பெப்டைடு.

1980-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், பிலிப்பைன்ஸ் அறிஞர் ஒலிவேராவின் ஆய்வகத்தில் இத்தகைய மாலை ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. பிரித்தவர் மைக்கேல் மெக்கின்டாஷ். ஆய்வகத்தில் சேர்ந்தபோது அவர் பள்ளிப் படிப்பை முடித்திருந்த இளைஞர். உங்களைவிடச் சற்றே மூத்தவர்! அந்த மாலையில் 25 மணிகள்.

அது செய்யும் வேலை என்ன? காலில் முள் தைத்தால் செய்தி நரம்பு வழியே தண்டுவடத்தை அடைகிறது. அங்கே நரம்பு நுனியிலுள்ள கால்சிய வாயில்கள் திறந்தால்தான் செய்தி அடுத்த நரம்புக்குத் தாவும். இந்தப் பெப்டைடு அவ்வாயிலை அடைத்துவிடுகிறது. மார்ஃபின் அப்படியன்று; அது வேறோர் ஏற்பியில் பொருந்துகிறது. நம் மூளையே சுரக்கும் என்கெஃபலின் என்ற ஐந்து மணிப் பெப்டைடும் அத்தகைய ஏற்பிகளில் பொருந்துவதே. அதை 1975-இல் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். மார்ஃபினுக்கு உடல் நாளடைவில் பழகிவிடும். அளவைக் கூட்ட நேரும்.

நத்தைப் பெப்டைடு சைகோனோடைடு என்ற பெயரில் 2004-இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. தண்டுவட நீரில் நேரே செலுத்த வேண்டும். தலைச்சுற்றல், மனக்குழப்பம் போன்ற பக்க விளைவுகளும் உண்டு. ஆகவே கடும் வலிக்கு மட்டுமே அது பயன்படுகிறது. இதைவிட நல்ல மருந்து இன்னும் வேண்டும்.

அதை எங்கே தேடுவது? தமிழகக் கடலோரத்திலும் கூம்பு நத்தைகள் வாழ்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் முதலானோர் நம் நாட்டு நத்தைகளின் பெப்டைடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்துக்காக நத்தைகளைக் கொன்று குவிக்க வேண்டியதில்லை. மாலையின் வரிசை தெரிந்தால் ஆய்வகத்திலேயே கோத்துவிடலாம். ஆனால் வரிசையைப் படிக்கும் முன்பே இனம் அழிந்துவிட்டால்?

ஆகவே, நண்பர்களே, அலங்காரத்துக்காகச் சங்கு வாங்குவதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. வாங்குபவர் இருக்கும்வரை வாரிவருபவரும் இருப்பர். கடற்கரையில் உயிருள்ள கூம்பு நத்தையைக் கண்டால் கையால் தொடாதீர்கள்; சில இனங்களின் கொட்டு மனிதரையும் கொல்லும். கண்ணால் பாருங்கள், நோட்டில் வரையுங்கள், கடலிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த மாலையைப் பிரித்தெடுப்பவர் உங்களில் ஒருவராக இருக்கலாமே!