பிளாஸ்டிக் விமானம் செய்ய இருபத்தி மூணாயிரமா? - கொஞ்சம் பொங்கிக்கிறேன்

ஆபீஸ்ல ஆணி ஓவர். அதனால இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வந்ததும் சண்டையோட வர்றேன், பொறுத்துக்குங்க மக்களே.

விஷயம் தெரியாதவங்களுக்காக முதல்ல ரெண்டு வரி. ஸ்கேல் மாடல் கிட் டப்பாவைத் திறந்தா, பிளாஸ்டிக் சட்டங்கள்ல பாகங்கள் துண்டு துண்டா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தச் சட்டத்துக்குப் பேர் ஸ்ப்ரூ. பாகங்களை வெட்டி எடுத்து, தேய்ச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சா, நிஜ விமானத்தோட 72-ல ஒரு பங்கு சைஸ்லயோ, நிஜ டாங்கியோட 35-ல ஒரு பங்கு சைஸ்லயோ ஒரு குட்டி மாடல் கிடைக்கும். எனக்கு நாலு வருஷமா இந்தக் கிறுக்கு.

இனி பஞ்சாயத்து. போன வருஷம் அக்கா பையனோட பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட 1/72 ஸ்பிட்ஃபயர் ஸ்டார்ட்டர் செட் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அக்கா போன் பண்ணி, "டேய் தம்பி, இதைச் செய்ய இவனுக்கு வேற என்னடா வாங்கணும்?"னு கேட்டா. நம்மகிட்டதான் ஞானம் பொங்கி வழியுதே! உடனே பதினாலு ஐட்டம் போட்டு ஒரு லிஸ்ட் அனுப்பினேன். ஜப்பான் நிப்பர், 0.3 மில்லிமீட்டர் ஏர்பிரஷ், டேங்க் வெச்ச கம்ப்ரஸர், ஸ்பான்ஜ் உப்புத்தாள் செட், பேனல் லைனர் மூணு கலர், பெயிண்ட் செட், கட்டிங் மேட், இன்ன பிற. கூட்டிப் பார்த்தா இருபத்தி மூணாயிரம்.

அக்கா பதில் அனுப்பினா: "இந்தக் காசுக்கு இவனுக்கு ஒரு வருஷ டியூஷன் ஃபீஸ் கட்டிடுவேன்டா. கிரிக்கெட்டே ஆடட்டும், விடு."

அந்த டப்பா எட்டு மாசம் பரண்ல கெடந்துச்சு. அதைப் பரண்ல ஏத்தினது அக்கா இல்லை, நான்.

அந்த லிஸ்ட் என் சொந்தச் சரக்கும் இல்லை. எனக்கு நாலு வருஷம் முன்னாடி பெரியவங்க குடுத்த லிஸ்ட்டைத்தான் காப்பி பேஸ்ட் பண்ணேன். அவங்களுக்கு யார் குடுத்தாங்களோ தெரியாது. வீடியோ போடுற அண்ணன்மார்ல இருந்து கடைக்காரர் வரைக்கும் எல்லார் கையிலயும் இதே லிஸ்ட்தான். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த லிஸ்ட் தலைகீழா இருக்கு. முதல்ல இருக்கிறது கடைசிக்குப் போகணும், கடைசியில இருக்கிறது முதலுக்கு வரணும். ஏன்னு சொல்றேன்.

மாடல் செய்யறதுல மொத்தம் நாலே வேலைதான். வெட்டணும், தேய்க்கணும், ஒட்டணும், வண்ணம் அடிக்கணும். ஒவ்வொண்ணா வருவோம்.

வெட்டுறது: காட்ஹேண்ட் நிப்பர் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. ஒத்தைப் பக்கம் மட்டும் கூர் வெச்ச, ரொம்ப மெலிசான பிளேடு. வெண்ணெய் மாதிரி வெட்டும், ஒத்துக்கறேன். ஆனா பிளேடு மெலிசுங்கறதால கொஞ்சம் முறுக்கினாலோ, தடிமனான இடத்துல வெச்சு அழுத்தினாலோ உடைஞ்சு போகும். கை பழகாத ஆளுக்குப் போய் முதல் கருவியா இதைச் சொல்றோம்! சைக்கிள் கத்துக்கறவனுக்கு ரேஸ் பைக் சாவியைக் குடுக்கற கதைதான். வீட்ல இருக்கற நகவெட்டி போதும். பாகத்தை ஒட்டி வெட்டாம ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டணும். ஒட்டி வெட்டினா பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். மிச்சத்தை பிளேடால சீவி, உப்புத்தாளால தேய்ச்சுக்கலாம். பிளேடு வேணும்னா மெடிக்கல் ஷாப்ல பதினோராம் நம்பர் சர்ஜிகல் பிளேடும், அதுக்கு மாட்டுற மூணாம் நம்பர் கைப்பிடியும் கேளுங்க. ஆனா அது ஆபரேஷன் கத்தி, சின்னப் பசங்க கையில குடுக்காதீங்க.

தேய்க்கிறது: மாடலோட தலையெழுத்தைத் தீர்மானிக்கறது இந்த வேலைதான். நம்ம லிஸ்ட்ல இதுக்குன்னு அழகான பாக்கெட்ல வர்ற ஸ்பான்ஜ் செட் இருக்கும். ஹார்டுவேர் கடையில வாட்டர் பேப்பர்னு கேட்டா 400, 600, 1000 நம்பர்ல தாள் தாளா குடுப்பாங்க. ஐஸ் குச்சியில டபுள் சைடு டேப் வெச்சு ஒட்டினா முடிஞ்சது. தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூசியும் பறக்காது.

ஒட்டுறது: இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். மாடல் சிமென்ட்னு விக்கறது வெறும் பசை இல்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கோட மேல்தோலைக் கரைச்சு ரெண்டு பாகத்தையும் ஒண்ணா உருக்கி இணைக்கிற கரைப்பான். டமியா எக்ஸ்ட்ரா தின் 40 மில்லி பாட்டில் ஒண்ணு எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல வருது. ஸ்ப்ரூ துண்டுகளை அதுலயே ஊறப்போட்டா இடைவெளி அடைக்கிற பட்டியும் ரெடி. ஆனா விமானத்தோட கண்ணாடி மூடிக்கு இதுவும் வேணாம், ஃபெவிக்விக்கும் வேணாம். ஃபெவிக்விக் ஆவி பட்டா கண்ணாடி வெள்ளையா பூத்துரும். அதுக்குன்னு தனியா ஒரு பாட்டில் விக்கறாங்க. பசங்க ஸ்கூல் பையில இருக்கற சாதா ஃபெவிகாலே அந்த வேலையைச் செய்யும்.

வண்ணம்: இங்கதான் ஏர்பிரஷ் அரசியலே இருக்கு. ஏர்பிரஷ் இல்லாதவன் மாடலரே இல்லைங்கற மாதிரி ஒரு பேச்சு. 1950-கள்ல இங்கிலாந்துல உல்வொர்த் கடைகள்ல ஏர்ஃபிக்ஸ் கிட்டை 2 ஷில்லிங்குக்கு வித்தாங்க. வாங்கினது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பசங்க. அவங்க கையில கம்ப்ரஸரா இருந்துச்சு? ஒரு சின்ன டப்பா பெயிண்டும் ஒரு தூரிகையும்தான். இந்தப் பொழுதுபோக்கு பரவினதுல அந்தப் பசங்களுக்கும் பங்கு உண்டு. இன்னைக்கும் அதே கம்பெனி ஸ்டார்ட்டர் செட்ல குட்டி பெயிண்ட் டப்பாக்கள், தூரிகை, பசை வெச்சுத்தான் தருது. செஞ்சு விக்கறவனே இது போதும்ங்கறான், நாம யாரு போதாதுன்னு சொல்ல?

"நல்ல கருவி இருந்தாத்தானே நல்ல வேலை வரும்? மட்டமான கருவியால வெறுத்துப் போய் விட்டவன் எத்தனை பேர்?"னு சிலர் வருவீங்க. நியாயமான கேள்விதான். நல்ல கருவி நல்லதுதான். என்கிட்டயே அந்த நிப்பர் இருக்கு, தினமும் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெக்கறேன். ஆனா அதோட அருமை எனக்குத் தெரிஞ்சது ஆறு மாடல் முடிச்ச பிறகுதான். அதுக்கு முன்னாடி என் வேலையைக் கெடுத்தது நிப்பர் இல்லை, என் அவசரம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சும்மாவா சொன்னாங்க? கருவி வாங்கறது ஒரு பொழுதுபோக்கு, மாடல் செய்யறது வேற பொழுதுபோக்கு. முதலாவதை ரெண்டாவதுக்கு நுழைவுக் கட்டணமா வெக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

நம்ம ஊர்ல கிட் விலையே ஏற்கெனவே கண்ணைக் கட்டுது. சுங்கத் தீர்வைப் பட்டியல்ல பொம்மையும் ஸ்கேல் மாடலும் ஒரே தலைப்புல வருது, 9503. இதுக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க. 2023 பட்ஜெட்ல அதையும் 70 ஆக்கினாங்க. அரசாங்கம் ஒரு பக்கம் கதவைச் சாத்துது, மறுபக்கம் நாம லிஸ்ட்டைக் காட்டி விரட்டுறோம். அப்புறம் "இந்தியாவுல மாடலிங் வளரவே மாட்டேங்குதே"ன்னு ஒப்பாரி வேற.

சரி, கடைசியில இருக்கறது முதலுக்கு வரணும்னு சொன்னேனே, அது என்ன?

என் லிஸ்ட்ல பதினாலாவது ஐட்டம் இப்படி இருந்துச்சு: "மாஸ்க் (விருப்பப்பட்டால்)."

அதைத் திரும்பப் படிச்சப்போ எனக்கே கூசிப்போச்சு. ஏன்னா நான் ஏர்பிரஷ் வாங்கின புதுசுல, பெட்ரூம்ல, தூசி வரக் கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தி, ஏசியும் போட்டுக்கிட்டு லாக்கர் பெயிண்ட் அடிச்ச ஆளு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தைக் கொண்டு வராது, ரூம்ல இருக்கற காத்தையேதான் சுத்தி சுத்தி விடும். பி.இ. படிச்ச நாயிக்கு அது தெரியாதா? தெரியும். தோணலை. லாக்கர் தின்னர்ல டொலுவின், அசிட்டோன் மாதிரி கரைப்பான்கள் இருக்கும். பத்து நிமிஷத்துல மூக்கு பழகிடும், வாசனை போயிடுச்சுன்னு நினைப்போம். வாசனை எங்கயும் போகலை, மூக்குதான் மரத்துப் போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு வாந்தி. தங்கமணி மண்டையைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, "பெட்ரோல் பங்க்ல படுத்த மாதிரி இருக்கு"ன்னா. இத்தனைக்கும் அன்னைக்கு நான் என்95 மாஸ்க் போட்டிருந்தேன். அது தூசியைத்தான் பிடிக்கும், கரைப்பான் ஆவியைப் பிடிக்காது. ஆவியைப் பிடிக்க உள்ள ஆக்டிவேட்டட் கார்பன் அடைச்ச, ஆர்கானிக் வேப்பருக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டுற மாஸ்க்தான் வேணும். அதோட திறந்த ஜன்னலும், காத்தை வெளிய தள்ளுற ஃபேனும் வேணும். பக்கத்துல விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது. தண்ணியில கரையற பெயிண்ட்னாலும் ஏர்பிரஷ்ல அடிச்சா அந்தப் புகைமூட்டம் நுரையீரலுக்குள்ள போகத்தான் செய்யும்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லலை. நிப்பர் பத்தி நாப்பது நிமிஷம் பேசினாங்க, மூச்சு பத்தி ஒரு நிமிஷம் பேசலை. நானும் அதையே ஒரு பன்னிரண்டு வயசுப் பையனுக்கு எழுதி அனுப்பியிருக்கேன். ஏர்பிரஷ் கட்டாயம், மாஸ்க் விருப்பம்! நல்லவேளை அக்கா வாங்கலை. அவ கஞ்சத்தனம் என் ஞானத்தைவிடப் பாதுகாப்பா இருந்திருக்கு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பரண்ல இருந்து அந்த டப்பாவை இறக்கினேன். பையன் சந்தேகமா பார்த்தான். "மாமா, கம்ப்ரஸர் இல்லாம எப்படி மாமா?"னு கேட்டான். லிஸ்ட்டை அவனும் படிச்சிருக்கான் பாருங்க. மூணு நாள் உக்காந்தோம். வெட்ட நகவெட்டி, பிடிக்க துணி கிளிப், பெயிண்ட் கலக்க மிச்சமான டைல்ஸ் துண்டு, டெக்கால் ஊறவைக்க எவர்சில்வர் டம்ளர். வாட்டர் பேப்பர், டேப், பிளேடுன்னு வெளிய செலவழிச்சது 195 ரூபாய். பிளேடு வேலை மட்டும் நான், மத்ததெல்லாம் அவன். ஜன்னல் திறந்தே இருந்துச்சு.

ஸ்பிட்ஃபயர் அழகா வந்துச்சான்னா, இல்லை. இடது இறக்கையில ஒட்டின கோடு தெரியுது. ஒரு டெக்கால் கிழிஞ்சு போச்சு. தூரிகைத் தடம் இருக்கு. ஆனா அது டி.வி. ஸ்டாண்ட் மேல நிக்குது. வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறானாம். "அடுத்து டாங்கி வாங்கித் தா மாமா"னு போன வாரம் போன் வேற.

அதனால சீனியர் மாடலர் அண்ணன்மாரே, அடுத்த தடவை ஒரு புதுப் பையன் "என்ன வாங்கணும்?"னு கேட்டா இந்த வரிசையில சொல்லுங்க. முதல்ல ஜன்னல். அப்புறம் உப்புத்தாள், பிளேடு, சிமென்ட், ரெண்டு தூரிகை. அஞ்சு மாடல் முடிக்கட்டும். அப்புறமும் ஏர்பிரஷ் ஆசை இருந்தா, முதல்ல கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை வாங்கச் சொல்லிட்டு அப்புறம் ஏர்பிரஷ் பேரைச் சொல்லுங்க. நிப்பரை அவனே ஒருநாள் தேடி வாங்கிக்குவான்.

டிஸ்கி: எனக்கு எந்த நகவெட்டிக் கம்பெனியிலயும் பங்கு கிடையாது. நிப்பர் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம், ஆனா ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு வாங்க :-)