கடல் கடந்தால் சாதியைப் படிக்கக் கூடாதா?

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அம்பேத்கர். 1916இல் அங்கே அவர் வாசித்த கட்டுரை, இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. 2019 வரை நம் மாவட்டத்தில் இருந்த மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு பிழைத்துத் திரும்பியவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து அவர் பேசியதும் தீண்டாமை பற்றித்தான்.

இன்று? வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு 115. ஆனால் 2022இல் ஒரு விதி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புக்குப் பணம் கிடையாது. அவற்றை உள்நாட்டிலேயே படிக்கலாமாம்!

காஞ்சிபுரத்து ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை லண்டனில் பொறியியல் படிக்கலாம். பட்டுத்தறிக் கூலிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அங்கே ஆராய முடியாது. சாதி மட்டும் தடையில்லாமல் கடல் கடந்துவிட்டது. 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டமே போட்டது.

காஞ்சிபுரம் மக்களவைத் தனித்தொகுதி. அந்த விதியை நீக்கச் சொல்லி அதன் உறுப்பினர் அவையில் கேட்டாக வேண்டும்.