வக்கீல் ஆபீஸில் நாலு வாரம்

கோடை விடுமுறை என்றால் நமக்கெல்லாம் வடாம் பிழிவதும், ஊரிலிருந்து வரும் குழந்தைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுப்பதும்தான் ஞாபகம் வரும். சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கோ அது வேறொரு படிப்பு நடக்கிற காலம். வக்கீல் ஆபீஸில் போய் உட்கார்ந்து வேலை பழக வேண்டும். 'இன்டர்ன்ஷிப்' என்கிறார்கள். வீட்டில் சட்டம் படிக்கும் பெண் இருக்கிற சகோதரிகள் இதைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெண்ணை அனுப்பலாமா, வேண்டாமா என்ற பேச்சு கடைசியில் அடுப்படிக்குத்தானே வந்து சேருகிறது!

போன கோடையில் இந்தப் பேச்சு புதுக்கோட்டையில் என் அண்ணன் வீட்டில் வந்தது. அவர் பெண் ஐந்து வருஷ சட்டப் படிப்பில் மூன்றாம் வருஷம் முடித்திருந்தாள். சென்னையில் வக்கீல்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் ஆபீஸில், மே மாதம் நாலு வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் எனக்குப் போன் செய்து, "நம்ம குடும்பத்துல வக்கீல் யாரும்மா இருக்கா? முன்னே பின்னே தெரியாத இடம். சம்பளமும் கிடையாதாம். இங்கேயே தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட சர்டிபிகேட் எழுதி வாங்கிட்டாப் போச்சு" என்றார்.

பெண் பிடிவாதமாக நின்றாள். "போகாத இடத்துக்குப் போனதா பொய் சர்டிபிகேட் வாங்கிட்டு, நாளைக்குக் கோர்ட்ல நின்னு உண்மையைப் பத்தி நான் எப்படிப்பா பேசறது?" என்று கேட்டாளாம். அண்ணனிடம் அதற்குப் பதில் இல்லை. "என் வீட்டில் தங்கட்டும் அண்ணே, நான் பார்த்துக்கறேன்" என்று நானும் சொன்னேன். வந்து சேர்ந்தாள்.

இது இஷ்டப்பட்டால் செய்கிற காரியம் இல்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் வருஷத்துச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்து வருஷப் படிப்புக்கு மொத்தம் 20 வாரமும், மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரமும் இந்தப் பயிற்சி கட்டாயம். எந்த வருஷத்திலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. அதனால், கடைசி வருஷத்தில் மொத்தமாக முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. தினமும் செய்ததை டைரியில் எழுதிவர வேண்டும். உடைக்கும் விதி உண்டு. 

"மே மாசம் கோர்ட்டுக்கே லீவாச்சே, என்னடி கத்துக்கப் போறே?" என்று கேட்டேன். "அவசர கேஸுக்கு விடுமுறைக் கோர்ட் உண்டு அத்தை. மாஜிஸ்திரேட் கோர்ட்டும் நடக்கும். அதோட, சீனியர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க நேரம் கிடைக்கிறதே இப்பத்தான்" என்றாள்.

ஆபீஸ் பாரிமுனைப் பக்கம், தம்புச்செட்டித் தெருவில். முதல் வாரம் முழுக்கக் கேஸ் கட்டுகளைப் படித்து, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பிறகு ஜூனியர் வக்கீலோடு எழும்பூர் கோர்ட்டுக்குப் போனாள். வக்காலத்து எப்படிப் போடுவது, வாய்தா எப்படி வாங்குவது என்றெல்லாம் குமாஸ்தாதான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாராம்.

ஒரு நாள் சாயங்காலம் முகம் வாடி வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டால், "கட்சிக்காரங்க விஷயம் அத்தை, வெளியே சொல்லக்கூடாது" என்று விட்டாள். அப்புறம் காபியைக் குடித்துவிட்டு, "ஒரு அம்மாவுக்கு இங்கிலீஷ்ல இருந்த பிரமாணப் பத்திரத்தைத் தமிழ்ல படிச்சுச் சொன்னேன். 'இதுலதான் நான் கையெழுத்துப் போடப் போறேனா'ன்னு கேட்டு, ரெண்டு இடத்துல திருத்தச் சொன்னாங்க. அதுக்கு மேல கேட்காதீங்க" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தவிக்கிற பெண்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்!

அமெரிக்காவில் பெரிய வக்கீல் நிறுவனங்கள் கோடையில் மாணவர்களைச் சுமார் பத்து வாரம் நல்ல சம்பளத்தோடு வைத்துக்கொள்கின்றன. வேலை பிடித்திருந்தால் படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்கின்றன. 1989 கோடையில் சிகாகோவில் சிட்லி ஆஸ்டின் என்ற நிறுவனத்துக்கு அப்படி வந்த மாணவர் பராக் ஒபாமா. அவருக்கு வழிகாட்டியாகப் போடப்பட்ட இளம் வக்கீல்தான் பிறகு அவர் மனைவியான மிஷெல்! நம் ஊரிலோ பல இடங்களில் பஸ் காசுகூடக் கிடைப்பதில்லை. வசதி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இது பெரிய பாரம்தான். தங்க இடமும் சாப்பாடும் தருகிற உறவு ஒன்று இருந்தால் அதுவே பாதி உதவி.

அனுப்புவதற்கு முன் தாய்மார்கள் விசாரிக்க வேண்டியவை இவை:

1. வரச் சொன்னது எழுத்தில் இருக்கிறதா? தேதி, நேரம் குறித்திருக்கிறார்களா?

2. அங்கே பெண் வக்கீல்கள் இருக்கிறார்களா? யாருடைய பொறுப்பில் வேலை?

3. சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள்? வேலை ஆபீஸிலும் கோர்ட்டிலும்தானா?

4. தொந்தரவு என்றால் யாரிடம் புகார் செய்வது?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பணியிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம், சம்பளமில்லாமல் பயிற்சிக்கு வருகிற பெண்ணுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதைப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புங்கள். அதோடு, "எது நடந்தாலும் வீட்டில் சொல்லு, படிப்பை நிறுத்தமாட்டோம்" என்றும் சொல்லுங்கள். படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துதான் பல பெண்கள் வாயைத் திறப்பதில்லை.

உடம்பையும் கவனிக்க வேண்டும். மே மாத வெயிலில் தேங்காய் சேர்த்த சாதம் மத்தியானத்துக்குள் ஊசிப் போகும். எலுமிச்சைச் சாதமோ புளிச் சாதமோ கட்டிக் கொடுங்கள். மோர் ஒரு பாட்டில், தண்ணீர் ஒரு பாட்டில். நாள் முழுக்க மூடிய ஷூ போடுவதால் பருத்திக் காலுறையைத் தினமும் துவைத்து மாற்றச் சொல்லுங்கள். பாத்ரூம் வசதியைப் பற்றி முதல் நாளே கேட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும்.

1916-ல் ரெஜினா குஹா என்ற பெண்மணி வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது, பெண் என்பதாலேயே கல்கத்தா ஹைகோர்ட் மறுத்துவிட்டது. 1923-ல் தனிச் சட்டம் வந்துதான் அந்தத் தடை நீங்கியது. சட்டம் கதவைத் திறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. நம் வீட்டு வாசலில் நாமே ஏன் மறித்து நிற்க வேண்டும்?

என் அண்ணன் இப்போது, அடுத்த நாலு வாரத்துக்கு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் நல்ல சீனியர் யார் என்று அவராகவே விசாரித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பெண் வந்து கேட்டாலும், எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மேலே சொன்ன நாலையும் விசாரியுங்கள். பதில் சரியாக இருந்தால், டிபன் டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பி வையுங்கள்.