காவலுக்கு வந்தவன் பங்கு

நியூசிலாந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் படிப்பாளிகள் சிலர் உடனே ஒரு நற்சான்றிதழை நீட்டுகிறார்கள். அங்கே போன வெள்ளையன் நல்லவனாம். 1840-ல் வைத்தாங்கியில் மாவோரிகளோடு ஒப்பந்தம் போட்டானாம். 1867-லேயே அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் நாலு இடம் ஒதுக்கினானாம். ஆஸ்திரேலியாவைப் பாருங்க, அமெரிக்காவைப் பாருங்க, அதுக்கு இது எவ்வளவோ தேவலைன்னு ஒரு ஒப்பீடு வேற. பலமா அடிச்சவனைக் காட்டி, மெல்ல அடிச்சவனுக்கு மாலை போடுற புத்தி இது.

இந்த மாலையை அறுப்பதற்குப் பீரங்கிக் கதைகள் தேவையில்லை. குத்தகைக் கணக்கு போதும்.

தாரநாக்கி நாட்டின் வட தீவில் மேற்குக் கரையில் இருக்கிறது. 1863-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கலகம் செய்தவர்களின் நிலம் பறிமுதல். சட்டத்தின் பேச்சு அப்படி. நடைமுறையில் கலகம் செய்தவன், சும்மா இருந்தவன், அரசாங்கத்துக்கு ஆதரவாக நின்றவன் எல்லார் நிலமும் ஒரே கோட்டுக்குள் விழுந்தது. வைக்காத்தோ, தாரநாக்கி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர். பறித்த மண்ணை 1879-ல் தாரநாக்கி மக்கள் வெறுங்கையோடு போய் உழுதார்கள். உழுதவனைப் பிடித்து விசாரணை இல்லாமல் தென் தீவுச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். 1881 நவம்பர் 5-ஆம் தேதி சுமார் 1,600 படையாட்கள் பரிஹாக்கா கிராமத்துக்குள் நுழைந்தபோது எதிரே நின்றது பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். தே ஃபீத்தியையும் தோஹுவையும் கொண்டுபோய் அடைத்தார்கள். அவர்களுக்கும் விசாரணை கிடையாது.

இதற்குப் பிறகுதான் 'நல்லது' ஆரம்பிக்கிறது. பறித்ததில் ஒரு பகுதியை மாவோரிகளுக்கென்று ஒதுக்கினார்கள். ஒதுக்கினார்களே தவிர, கையில் கொடுக்கவில்லை. பொது அறங்காவலர் என்ற அரசு அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். 1892-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. அந்த நிலத்தை வெள்ளைக் குடியேறிகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும். 21 வருஷக் குத்தகை. முடிந்தால் மறுபடி 21 வருஷம். அதற்கப்புறம் மறுபடி. முடிவே கிடையாது. வாடகை, மேம்பாடு சேர்க்காத வெறும் மண்ணின் மதிப்பில் நூற்றுக்கு 5. நடுவில் எது ஏறினாலும் 21 வருஷத்துக்கு வாடகை அசையாது. அறங்காவலரின் கமிஷன் போக மிச்சம்தான் சொந்தக்காரனுக்கு.

நம்ம மொழியில் அறங்காவலர் என்ற சொல்லுக்குள் அறம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே காவல் மட்டும்தான் இருந்தது. அதுவும் யாருக்குக் காவல்?

போர்க்காலத்தில் இது தெளிவாகத் தெரியும். முதல் உலகப் போரில் பிரிட்டன் நியூசிலாந்தின் இறைச்சியையும், பிறகு கம்பளியையும் மொத்தமாக வாங்கிக்கொண்டது. இரண்டாம் போரிலும் 1939 முதல் அதே ஏற்பாடு. விளைந்தது விலைபோகுமா என்ற கவலை பண்ணைக்காரனுக்கு இல்லை. முதல் போரை ஒட்டி நிலத்தின் விலை எகிறியது. சரி, அந்த நிலத்தின் சொந்தக்காரனுக்கு என்ன வந்தது? ஒரு பேச்சுக்கு, நிலம் மலிந்து கிடந்த 1935-ல் ஒரு குத்தகை புதுப்பிக்கப்பட்டது என்று வையுங்கள். 1956 வரை அதே வாடகை. போர் வந்து, போர் போய், விலைவாசி ஏறி, கம்பளி விலை உச்சிக்குப் போய், எல்லாம் முடிந்த பிறகும் அதே வாடகை. அந்த வாடகையும் தலைமுறை தலைமுறையாகப் பங்குகள் சிதறிச் சிதறி, ஒருத்தன் கைக்கு வரும்போது சில பென்னி. இதற்குத் துப்பாக்கி எதற்கு? ஒரு குமாஸ்தா போதும்.

வாடகை உயரக் கூடாது என்ற அதே அரசு, ஆள் மட்டும் வேண்டும் என்றது. 1917-ல் கட்டாயப் படைச்சேர்ப்பை மாவோரிகள் மீது விரித்தார்கள். எல்லா மாவோரிகள் மீதும் அல்ல, வைக்காத்தோ-மனியாபோத்தோ பகுதி மீது மட்டும். அதாவது யாருடைய நிலத்தைப் பறித்தார்களோ அவர்கள் மீது. இதை முன்னின்று தள்ளியவர் அமைச்சரவையில் இருந்த மாவி போமாரே. அவரும் மாவோரிதான். நம்மவன் ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். தே புயேயா ஹெராங்கி என்ற பெண் மறுத்தவர்களைத் தன்னிடம் திரட்டி வைத்துக்கொண்டார். 1918-ல் போலீஸ் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனது. அதில் அரசர் தே ராத்தாவின் தம்பியும் ஒருவர், 16 வயசுப் பையன். அப்படியும் அந்தப் பகுதியிலிருந்து கட்டாயப்படுத்திப் பிடித்த ஒருவனைக்கூடக் கடல் தாண்டி அனுப்ப முடியவில்லை. மண்ணைக் கொடு, அப்புறம் சண்டைக்கு வருகிறோம் என்பது அவர்கள் நியாயம். இதில் என்ன தேசத்துரோகம்?

வேறு பகுதிகளிலிருந்து தாங்களாகவே போன மாவோரிகள் உண்டு. திரும்பி வந்த வெள்ளை வீரனுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. மாவோரி வீரனுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

இரண்டாம் போரில் மாவோரிகளுக்குக் கட்டாயச் சேர்ப்பு இல்லை. தாங்களாகவே சேர்ந்தார்கள். 28-ஆம் பட்டாளத்தில் ஏறக்குறைய 3,600 பேர். அதில் 649 பேர் செத்தார்கள். 1943-ல் ஆபிரானா ங்காத்தா ஒரு சிறு நூல் வெளியிட்டார், 'குடியுரிமையின் விலை' என்று தலைப்பு. விலையைச் சரியாகக் கட்டினார்கள். சரக்கு எங்கே?

சரக்கு ராக்லன் ஊரில் இருந்தது, தே கோப்புவா என்ற நிலத்தில். 1941-ல் அவசர விமானத்தளம் வேண்டும் என்று அரசு அதை எடுத்தது. வீடுகளை அகற்றினார்கள். பொதுப்பணிச் சட்டத்தின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும்: பட்டா பதிவாகாத மாவோரி நிலத்தை எடுக்கும்போது சொந்தக்காரனுக்கு நோட்டீஸ் கொடுக்கும் கட்டாயம்கூட அதில் இல்லை. போர் 1945-ல் முடிந்தது. நிலம் திரும்பவில்லை. 1960-களின் கடைசியில் அதில் கோல்ஃப் மைதானம் வந்தது. முன்னோரைப் புதைத்த இடத்தில் வெள்ளைப் பந்தை உருட்டி விளையாடினார்கள். போர்க்கால அவசரத்துக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர் ஈவா ரிக்கார்ட். 1978 பிப்ரவரியில் அவரையும் கூட இருந்தவர்களையும் ஒன்பதாவது குழியருகே கைது செய்தார்கள். எண்பதுகளில்தான் மண் கைக்கு வந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் ஆத்திரம் வருவது வேறொரு இடத்தில். இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது, சொத்தைக் காப்பாத்தத் தெரியாது, அதனால்தான் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதானே அறங்காவலரின் நியாயம்? 1942-ல் பைராயிரே பைக்கேயா தலைமையில் மாவோரி போர்முயற்சி அமைப்பு தொடங்கியது. 300-க்கு மேற்பட்ட இனக்குழுக் கமிட்டிகள். ஆள் திரட்டுவது, தொழிற்சாலைக்கு ஆள் அனுப்புவது, உணவு விளைவிப்பது எல்லாம் அவர்களே செய்தார்கள். நன்றாகச் செய்தார்கள். போருக்குப் பின்னும் இது நீடிக்கட்டும், நம் காரியத்தை நாமே பார்ப்போம் என்றார்கள் மாவோரி உறுப்பினர்கள். நேட்டிவ் இலாகா விடவில்லை. 1945-ல் ஒரு சட்டம் போட்டுக் கமிட்டிகளை இலாகாவின் கீழேயே கொண்டுவந்து கட்டினார்கள். 1947-ல் சட்டங்களிலும் பலகைகளிலும் 'நேட்டிவ்' என்பதை அழித்து 'மாவோரி' என்று எழுதினார்கள். 1920-ல் நேட்டிவ் அறங்காவலராக வந்தவர் மாவோரி அறங்காவலர் ஆனார். குத்தகை அப்படியே இருந்தது.

1953-ல் இன்னொரு படி. ஒருவரின் நிலப்பங்கு 25 பவுண்டுக்குக் கீழே மதிப்புள்ளது என்றால் அது 'பொருளாதாரமற்றது'. அறங்காவலர் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். பங்கைச் சிதறடித்த நில நீதிமன்ற முறை இவர்களுடையது. சிதறியது சின்னதாக இருக்கிறது என்று பிடுங்குகிற சட்டமும் இவர்களுடையது. 25 பவுண்டுக்குள் ஒருத்தி தன் பாட்டியின் மண்ணோடு வைத்திருக்கும் உறவை அளந்து முடித்துவிட்டான் குமாஸ்தா.

1997-ல்தான் சட்டம் திருந்தியது. வாடகையை 7 வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கலாம், சந்தை நிலவரப்படி கேட்கலாம் என்றார்கள். அப்போதும் குறைந்த வாடகையில் நூறாண்டு உட்கார்ந்திருந்த குத்தகைக்காரருக்கு, சலுகை போகிறதே என்று நஷ்டஈடு எழுதி வைத்தார்கள். குத்தகைக்கு முடிவு மட்டும் எழுதவில்லை. தாரநாக்கியில் அந்த நிரந்தரக் குத்தகைகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.